ஓடும் பெண்ணை வரைவோம்

சுவரில் தொங்கும் காலண்டர்களைப் பாருங்கள். பொங்கல் வாழ்த்து அட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். கதைகளுக்கு வரையப்படும் படங்களையும் சற்றுக் கவனியுங்கள். பெண் என்றால் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பாள்; அல்லது ஊஞ்சலில் அமர்ந்திருப்பாள்; அல்லது இடுப்பில் குடத்துடன் நம்மைத் திரும்பிப் பார்ப்பாள். குதிரை ஏறுபவனும், வேல் எறிபவனும், ஓடிச் சென்று பந்தை உதைப்பவனும் ஆணாகவே இருப்பான்.

ஆனால் மாலை நான்கு மணிக்கு நம் பள்ளி விளையாட்டுத் திடலுக்கு வந்து பாருங்கள்! வலைக்கு மேலே எம்பிப் பந்தைப் பிடிக்கிறாள் ஒருத்தி. கோகோக் கம்பத்தைப் பிடித்து, தரையைத் தொட்டுவிடுவது போல் சாய்ந்து திரும்புகிறாள் இன்னொருத்தி. ஆறாம் வகுப்புச் சிறுமியர் கயிறு தாண்டுகிறார்கள். இவர்களுள் ஒருத்தியேனும் காலண்டர்ப் பெண்ணைப் போல் நிற்கவில்லை. அவ்வாறிருக்க, நாம் வரையும் படத்தில் மட்டும் பெண் ஏன் அசையாமல் நிற்க வேண்டும்?

அசையும் உருவத்தை வரைவது பெரிய ஓவியர்களுக்கே கைவரும் என்று சிலர் எண்ணலாம். அது சரியன்று. சில எளிய உண்மைகளைப் புரிந்துகொண்டு நாள்தோறும் பழகினால் யாரும் வரையலாம். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு ஓவிய வகுப்பில் பயின்றவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம். தேவையான பொருள்கள் மிகக் குறைவு: 2பி அல்லது 4பி பென்சில் ஒன்று, ஒருபக்கம் எழுதிய பழைய தாள்கள், நேரம் பார்த்துச் சொல்ல ஒரு தோழி. அழிக்கும் ரப்பருக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

முகம் கடைசியில்

பெண்ணின் படம் என்றதும் கை தானாக முகத்திற்குப் போகிறது. கண், இமை, பொட்டு, ஜிமிக்கி என்று அரைமணி நேரம் கழிகிறது. பிறகு அந்த முகத்தின் கீழே ஓர் உடலைக் கொண்டுவந்து மாட்ட வேண்டியிருக்கிறது. சட்டையை ஆணியில் மாட்டினால் அது ஓடுமா? அசைவு முகத்தில் பிறப்பதில்லை, முதுகெலும்பில் பிறக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது பழமொழி. அசையும் உருவத்திற்கு முதுகெலும்பே அந்தச் சுவர்.

ஆகவே முதலில் ஒரே ஒரு கோடு இடுவோம். தலை உச்சியிலிருந்து முதுகு வழியாக, உடலைத் தாங்கும் காலின் பாதம் வரை செல்லும் கோடு அது. இதனை அசைவுக் கோடு என்று வைத்துக்கொள்வோம். பந்தை எறியப் பின்னால் வளைந்தவளுக்கு அது வில்லைப் போல் வளையும். வேகமாக ஓடுபவளுக்கு முன்னோக்கிச் சாய்ந்த நேர்கோடு போல் இருக்கும். கும்மியடிக்கக் குனிந்தவளுக்குக் கொக்கி போல் மடங்கும். கோடு இடும்போது பென்சிலை எழுதுவதைப் போல் பிடிக்காமல், படுக்கவைத்துத் தோளிலிருந்து கையை வீசி இட வேண்டும். பத்து விநாடிக்கு மேல் இதற்குத் தேவையில்லை. இந்தக் கோட்டைப் பார்த்தவுடனே அவள் என்ன செய்கிறாள் என்று தோழிக்குத் தெரிந்தால் படத்தில் பாதி முடிந்தது எனலாம்.

முகமே இல்லாமல் அசைவைக் காட்ட முடியும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறோம். கேத்தே கோல்விட்ஸ் (1867-1945) என்ற ஜெர்மானியப் பெண் ஓவியர், பதினாறாம் நூற்றாண்டில் நடந்த உழவர் கிளர்ச்சியைப் பற்றி ஏழு படங்கள் கொண்ட வரிசை ஒன்றைப் படைத்தார். அதில் ஒரு படத்தில் உழவர் கூட்டம் ஆவேசமாகப் பாய்ந்து ஓடுகிறது. அவர்களை ஏவுபவள் ஒரு பெண். நமக்கு முதுகைக் காட்டி, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அவளுடைய முதுகும் தூக்கிய கைகளும் கூட்டம் முழுவதையும் முன்னே தள்ளுகின்றன!

இரண்டு சாய்வுகள்

அடுத்து இரண்டு சிறு கோடுகள்: ஒன்று தோள்களை இணைப்பது, மற்றொன்று இடுப்பின் இரு பக்கங்களை இணைப்பது. அணிவகுப்பில் நேராக நிற்பவளுக்கு இவ்விரண்டும் சமமாக இருக்கும். ஆனால் அவள் ஒரு காலில் எடையைப் போட்டதும், அந்தக் காலின் பக்கம் இடுப்பு உயர்கிறது. அதே பக்கம் தோள் தாழ்கிறது. உடல் விழாமல் இருக்க எலும்புகளும் தசைகளும் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் காணப்படும் திரிபங்கம், அதாவது தலை, உடல், இடுப்பு ஆகியவை மூன்று திசையில் சாயும் நிலை, இந்த உண்மையின்மேல் எழுந்ததே.

ஓடும்போதும் எறியும்போதும் இச்சாய்வுகள் இன்னும் மிகும். அத்துடன் முறுக்கும் சேரும். இடுப்பு ஒருபக்கம் பார்க்க, தோள்கள் மறுபக்கம் பார்க்கும். துணியைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள்! வத்திக்கான் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய ஓவியங்களுள் லிபிய சிபில் என்ற தீர்க்கதரிசினியின் உருவம் ஒன்று உண்டு. பெரிய நூல் ஒன்றைக் கையில் ஏந்தி முதுகைத் திருப்பியிருக்கும் அவளுடைய உடல் முழுவதும் ஒரே முறுக்கு. இதற்காக அவர் சிவப்புச் சுண்ணக்கோலால் வரைந்த பயிற்சித் தாள் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஊன்றிய காலின் விரல்களை அதே தாளில் அவர் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். உடலின் பாரம் அந்த விரல்களில் இறங்குவதால் அவ்வளவு கவனம்!

எடை எங்கே விழுகிறது?

கொத்தனார் சுவர் நேராக எழுகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு வைத்திருப்பார் அல்லவா? நம் ரப்பரை ஒரு நூலில் கட்டினால் நமக்கும் தூக்குக்குண்டு தயார். தோழியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, அவள் கழுத்துக் குழிக்கு நேரே வருமாறு நூலைக் கண்முன் பிடித்துப் பாருங்கள். நூல் ஊன்றிய பாதத்தின்மேல் வந்து இறங்கும். இரு கால்களிலும் சமமாக நின்றால் இரு பாதங்களுக்கும் நடுவே இறங்கும். நிற்கும் மனிதரிடம் காணும் இந்தச் சமநிலையை லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இப்போது அவளை ஓடத் தொடங்கச் சொல்லுங்கள். நூல் பாதத்திற்கு முன்னால் விழுகிறது! அதாவது ஓடத் தொடங்குபவள் ஒவ்வோர் அடியிலும் விழப் போகிறாள். அடுத்த காலை முன்னே வைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாள். படத்தில் இந்த 'விழப் போகும்' நிலை இருந்தால்தான் அவள் ஓடுவாள். எடை பாதத்தின்மேல் பத்திரமாக இருந்தால், கால்களை எவ்வளவு அகட்டி வரைந்தாலும் அவள் நின்றுகொண்டுதான் இருப்பாள்.

சுமை தூக்கும்போதும் இதே கணக்குதான். வலக்கையில் தண்ணீர் வாளி இருந்தால் உடல் இடப்பக்கம் சாயும். இடக்கை தராசுத் தட்டைப் போல் வெளியே நீளும். குழாயடியில் தினமும் காணும் காட்சி இது. அசைவை வரைய விளையாட்டுத் திடல் மட்டுமே இடம் என்பதில்லை. அம்மியில் அரைக்கும் பாட்டி, நாற்று நடும் பெண்கள், தலையில் மீன் கூடையுடன் விரைந்து நடக்கும் அம்மா, மணிக்கயிற்றை இழுக்கும் அருட்சகோதரி ஆகியோர் எல்லாரும் நமக்குப் பாடம் சொல்லித் தருபவர்களே.

அளவும் மூட்டும்

அசைவுக் கோடும் சாய்வுகளும் அமைந்தபின் உடலை எளிய வடிவங்களாக அடுக்குவோம். தலைக்கு ஒரு முட்டை, விலாக்கூட்டிற்கு ஒரு பெரிய முட்டை, இடுப்பிற்கு ஒரு பெட்டி, கைகால்களுக்கு உருளைகள். விலாக்கூடும் இடுப்பும் மடங்குவதில்லை. அவற்றிற்கு இடைப்பட்ட பகுதியே வளைகிறது, முறுகுகிறது.

வளர்ந்த பெண்ணின் உயரம் அவள் தலையைப் போல் ஏழு முதல் ஏழரை மடங்கு இருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சுமார் ஆறு மடங்கு. நின்ற உயரத்தின் பாதி ஏறத்தாழ இடுப்பு மூட்டில் வரும். பாதத்தின் நீளம், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளத்திற்குச் சமம். நம்பாதவர்கள் இப்போதே அளந்து பார்க்கலாம்! படங்களில் பெண்ணின் பாதத்தை மிகச் சிறிதாகப் போடுவது அழகு என்று கருதப்படுகிறது. ஆனால் அப்பாதத்தில் அவளால் நிற்கவே முடியாது, பிறகு ஓடுவது எங்கே? கெண்டைக்காலும் தோளும் அவ்வாறே. குண்டு எறிபவளுக்குத் தோளில் வலிமை தெரிய வேண்டும். கொடியிடை, மென்தளிர்க் கரம் என்ற வருணனைகளைக் கவிதைக்கு விட்டுவிட்டு, கண்ணால் காண்பதை வரைவதே நம் வேலை.

கை நம்மை நோக்கி நீளும்போது அதன் நீளம் குறுகித் தோன்றும். ஒரு டம்ளரைப் படுக்கவைத்து, அதன் வாய்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். வட்டம் பெரிதாகவும் உடல் குட்டையாகவும் தெரியும். கையும் அப்படித்தான். பார்க்கும் கோணத்தை மாற்றினாலே படத்திற்கு உயிர் வந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் டெகா 1879-இல் பாரிஸ் நகரத்து சர்க்கஸ் ஒன்றில் லாலா என்ற பெண் கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கூரையை நோக்கி ஏறுவதைத் தீட்டினார். பார்வையாளர் அண்ணாந்து பார்ப்பது போலவே, கீழிருந்து மேலாக அவளை வரைந்திருக்கிறார். தரையே படத்தில் இல்லை. அவள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறாள் என்பது அதனாலேயே நம் நெஞ்சில் உறைக்கிறது.

பாவாடையும் பின்னலும்

"பெண் குழந்தைகள் உடலின் அமைப்பைப் படித்து வரைவது தகுமா?" என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். நாம் வரைவது சீருடையிலும், பாவாடை தாவணியிலும், சேலையிலும் இருக்கும் பெண்களையே. ஆயினும் முழங்கால் எங்கே மடங்குகிறது என்று தெரியாமல் பாவாடையின் மடிப்பை வரைய முடியாது. மருத்துவம் பயிலும் பெண் எலும்புகளைக் கற்பதைப் போல, அதே மரியாதையுடன் நாமும் கற்கிறோம்.

மடிப்புகள் எங்கே வேண்டுமானாலும் வருவதில்லை. துணியை உடல் எங்கே இழுக்கிறதோ அங்கே தொடங்கி விரியும்: தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால். முன்னே வைத்த முழங்காலின்மேல் பாவாடை இறுகிப் படியும். பின்னே அலையாக எழும். துணியும் கூந்தலும் எப்போதும் உடலுக்கு ஒரு கணம் பிந்தியே வரும் என்பதை நினைவில் வைப்போம். கயிறு தாண்டுபவள் மேலே எழும்போது பின்னல் கீழே இழுபடும். அவள் கீழே இறங்கும்போது அது மேலே பறக்கும். ஓடி வந்து சட்டென்று நின்றால் பாவாடை மட்டும் முன்னே போகும். ரோமாபுரி புனித பேதுரு பேராலயத்தில் பிரான்செஸ்கோ மோக்கி 17ஆம் நூற்றாண்டில் வடித்த புனித வெரோணிக்காவின் சிலை, சுமார் ஐந்து மீட்டர் உயரப் பளிங்கு. ஆனால் பறக்கும் ஆடையையும் விரித்த துணியையும் கண்டால், ஆண்டவரின் திருமுகத்தைத் துடைத்த அப்பெண் நம்மை நோக்கி ஓடி வருவதாகவே தோன்றும்.

குதிப்பவளைக் காட்ட ஓர் எளிய வழி உண்டு. பாதத்திற்கும் தரையில் விழும் நிழலுக்கும் இடையே கொஞ்சம் வெள்ளை இடம் விடுங்கள். அவ்வளவுதான், அவள் காற்றில் மிதப்பாள்!

எந்தக் கணம்?

ஓடுகையில் கால்கள் எப்படி இருக்கின்றன என்பதைக் கண் தெளிவாகக் காண்பதில்லை. முற்காலத்து ஓவியர் பலர் பாயும் குதிரையின் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டியே வரைந்தனர். 1878-இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் 12 காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றின் கீழ் மடங்கியிருப்பது தெரியவந்தது! 1887-இல் அவர் 781 படத்தாள்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். பெண்கள் நடப்பது, படியேறுவது, குடம் ஏந்துவது முதலியனவும் அதில் இடம்பெற்றன. நடக்கும்போது ஒரு பாதமேனும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டும் தரையை விடும் கணம் உண்டு. இடக்கால் முன்னே சென்றால் வலக்கை முன்னே வரும்.

ஆனால் காமிரா காட்டும் எல்லாக் கணங்களும் ஓவியத்திற்கு உதவா. எறிவதைக் காட்ட வேண்டுமானால் கை பின்னே முழுதும் இழுபட்ட கணத்தையோ, பந்து கையை விட்டபின் உடல் முன்னே பாய்ந்த கணத்தையோ எடுப்பது நல்லது. இடைப்பட்ட கணத்தில் விசை தெரிவதில்லை.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் பி.டி. உஷா 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாமவர் எடுத்தது 55.41 விநாடி. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலப் பதக்கம் கைநழுவியது! ஓட்டத்தின் முடிவில் கணக்கில் கொள்வது தலையையோ கையையோ காலையோ அன்று. உடற்பகுதி கோட்டை எட்டும் நேரத்தையே. அதனால்தான் ஓட்டக்காரர் கடைசி அடியில் மார்பை முன்னே வீசுகின்றனர். அந்த ஒரு கணத்தை வரைந்து பாருங்கள். அசைவுக் கோடு முழுவதும் முன்னே பாயும். கைகள் பின்னே போகும். ஒரு பெண் தன் முழு முயற்சியையும் கொடுக்கும் தோற்றம் அது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

பெண்ணுருவம் ஏன் இவ்வளவு காலம் அசையாமல் நின்றது? வரையும் வாய்ப்புப் பெண்களுக்குக் குறைவாக இருந்ததும் ஒரு காரணம். 1768-இல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கப்பட்டபோது, அதை நிறுவியோருள் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண் ஓவியர் இருந்தனர். சில ஆண்டுகளில் ஜொஃபானி என்பவர் அந்த அகாடமியின் ஓவியர்கள், மாதிரியாளரை நிறுத்தி வரையும் அறையில் கூடியிருப்பதாக ஒரு படம் தீட்டினார். அந்த அறையில் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அவ்விருவரை மட்டும் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக வரைந்துவிட்டார்! நிறுவியவர்களே சுவரில் தொங்கினால், பயில வந்தவர்கள் நிலை என்ன?

நம் மண்ணில் சிற்பிகள் பெண்ணின் அசைவை வேறு விதமாகக் கண்டிருக்கிறார்கள். சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 கரணங்களையும் பெண்களே ஆடிக் காட்டுகிறார்கள். காலைத் தலைக்கு மேல் தூக்கியும், தரையில் மடங்கியும், சுழன்றும் நிற்கும் அவர்களைச் செதுக்க எத்தனை நாள் உற்று நோக்கியிருப்பார்கள்! புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகைத் தூண்களில் தீட்டிய ஆடல் மகளிர் மங்கிப்போயினும், நீட்டிய கையின் வீச்சு இன்னும் தெரிகிறது. துள்ளி அசையும் பெண் நம் கலைக்கு அந்நியமானவள் அல்லள்.

பயிற்சி முறை

இனிப் பயிற்சிக்கு வருவோம். நாங்கள் இருவர் இருவராகச் சேர்ந்து செய்வது இதுதான். ஒருத்தி ஏதேனும் ஒரு செயலைச் செய்து அப்படியே நிற்பாள். மற்றவள் முப்பது விநாடியில் வரைவாள். பிறகு மாறிக்கொள்வோம். இப்படிப் பத்துப் படங்கள். அதன்பின் இரண்டு நிமிடப் படங்கள் ஐந்து. கடைசியில் பத்து நிமிடப் படம் ஒன்று. அதில்தான் முகத்திற்கும் விரல்களுக்கும் இடம். சிறு நோட்டு ஒன்றைக் கையோடு வைத்திருந்து, காண்போரின் செயல்களைச் சில கோடுகளில் குறித்துக்கொள்ளுமாறு லியனார்டோ ஓவியருக்கு அறிவுரை கூறியுள்ளார். பேருந்து நிறுத்தத்திலும் சந்தையிலும் அது நமக்கும் உதவும்.

இதில் மிகவும் முக்கியமானது, வரைவதற்கு முன் அந்த நிலையில் நாமே நின்று பார்ப்பது. ஈட்டி எறியும் நிலையில் ஒரு நிமிடம் நின்றால் எந்தத் தசை இழுக்கிறது, எந்தக் குதிகால் தூக்குகிறது என்று உடலே சொல்லிவிடும். எட்டாம் வகுப்பைத் தாண்டியதும், "ஓடாதே, குதிக்காதே, லட்சணமாக நட" என்னும் சொற்கள் நம்மில் பலருடைய காதில் விழத் தொடங்குகின்றன. அன்பினாலும் கவலையினாலும் சொல்லப்படும் சொற்கள்தாம் அவை. ஆனால் அவற்றைக் கேட்டுக் கேட்டுத் திடலுக்கு வருவதையே நிறுத்திக்கொள்ளும் தோழியர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஓவிய வகுப்பில் எறிபவளாகவும் தாண்டுபவளாகவும் நின்று பார்க்கும்போது, நம் கைகால்கள் எதற்காக இவ்வளவு நேர்த்தியாக அமைந்துள்ளன என்பது நமக்கே புரிகிறது. அதன்பின் அவற்றை ஒடுக்கி வைக்க மனம் வருவதில்லை.

அன்புப் பெற்றோரே, உங்கள் மகள் கூடத்தின் நடுவில் ஒற்றைக் காலில் வளைந்து நின்றால் கோபிக்க வேண்டாம்; அவள் வீட்டுப்பாடம் செய்கிறாள்! அன்புத் தங்கையரே, நாங்கள் இவ்வாண்டுடன் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். பழைய தாள்களும் நூல் கட்டிய ரப்பரும் ஓவிய அறை அலமாரியில் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு திடலுக்குச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரின் அட்டையில் ஒரு பெண் ஓடட்டும்.